தோல் கட்டிய பலகைகள் இரண்டு: அல்தாய் வேடரும் ஆல்ப்ஸ் வீரரும்

பனிச்சறுக்கு என்றதும் நம் கண்முன் வருவது இறக்கம்தான். சரிவில் ஒருவர் வளைந்து நெளிந்து பாய்ந்து வருவதைத் தொலைக்காட்சியிலாவது பார்த்திருப்போம். அவர் அந்த உச்சிக்கு எப்படிப் போனார் என்று கேட்பவர் குறைவு. லிஃப்ட் இல்லாத மலையில், இடுப்பளவு பனியில், ஏறுவது எப்படி? இந்தக் கேள்விக்கு மனிதர் கண்ட விடைகளில் இரண்டை இங்கே அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒன்று, சீனாவின் வடமேற்கு மூலையில், அல்தாய் மலைத்தொடரின் ஹெமு, கனாஸ் போன்ற ஊர்களில் வாழும் துவா மக்களின் குதிரைத்தோல் பலகை. மற்றொன்று, ஆல்ப்ஸ் மலையில் வளர்ந்து, 2026 மிலான்–கோர்த்தினா குளிர்கால ஒலிம்பிக்கில் இடம்பிடித்த மலையேற்றப் பனிச்சறுக்கு.

முன்னது வேட்டைக் கருவி. பின்னது விளையாட்டுக் கருவி. முன்னது ஸ்ப்ரூஸ் மரத்தைக் கையால் செதுக்கியது. பின்னது கார்பன் இழையை அச்சில் வைத்து அழுத்தியது. இரண்டுக்கும் என்ன உறவு என்று தோன்றும். இரண்டையும் கவிழ்த்துப் போட்டால் உறவு தெரிந்துவிடும். இரண்டின் அடியிலும் ஒரே திசையில் படிந்த உரோமம் இருக்கிறது.

உரோமம் செய்யும் வேலை

சிறுவயதில் புல்லின் கதிரைச் சட்டைக் கைக்குள் விட்டு விளையாடியவர்களுக்கு இதன் சூட்சுமத்தை விளக்கத் தேவையில்லை. கையை அசைக்க அசைக்கக் கதிர் ஒரு பக்கமாகவே ஏறும்; திரும்பி வராது. பலகையின் அடியில் உரோமம் முன்னிருந்து பின்னாகப் படிந்திருக்கிறது. பலகையை முன்னே தள்ளினால் உரோமம் படிந்து வழிவிடுகிறது. பலகை பின்னே நழுவப் பார்த்தால் சிலிர்த்து நின்று பனியைப் பற்றிக்கொள்கிறது. ஆகவே செங்குத்தான சரிவிலும் அடி மேல் அடி வைத்து நேரே ஏறிவிடலாம்.

துவா மக்கள் இதற்குத் தேர்ந்தெடுப்பது குதிரையின் கால் தோல். உடம்புத் தோலைவிடக் கால் தோலின் மயிர் குட்டையானது, விறைப்பானது, எளிதில் தேயாதது. ஆல்ப்ஸ்காரர்கள் ஒரு காலத்தில் சீல் தோலைக் கட்டினார்கள். இன்று அங்கோரா ஆட்டின் உரோமத்தையோ நைலானையோ இரண்டும் கலந்த நெசவையோ பயன்படுத்துகிறார்கள். ஆட்டு உரோமம் நன்றாக வழுக்கும், சீக்கிரம் தேயும். நைலான் நன்றாகப் பிடிக்கும், நீண்ட நாள் உழைக்கும். பந்தயக்காரர் முன்னதை விரும்புவார், மலையில் நாள்கணக்கில் திரிபவர் பின்னதையோ கலவையையோ எடுத்துக்கொள்வார். எந்த விலங்கின் எந்தப் பகுதி என்ற அல்தாய்த் தேர்வும், எந்த இழை எத்தனை விழுக்காடு என்ற ஆல்ப்ஸ் தேர்வும் ஒரே கேள்விக்குத்தான் விடை தேடுகின்றன. வழுக்கலில் எவ்வளவை விட்டுக்கொடுத்தால் பிடிப்பு எவ்வளவு கிடைக்கும்?

கட்டுவதும் கழற்றுவதும்

அல்தாய்ப் பலகை செய்யப்படும் விதத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். மரத்தைப் பிளந்து, ஆளுயரத்துக்கும் கொஞ்சம் கூடுதலான நீளத்தில் இரண்டு பலகைகள் எடுக்கிறார்கள். அகலம் கைவிரல்களை விரித்தால் அடங்கிவிடும். வாய்ச்சியால் செதுக்கி மெல்லியதாக்கி, முனையைச் சூடான நீரில் ஊறவைத்து மேல்நோக்கி வளைத்துக் கட்டிப்போடுகிறார்கள். பிறகு தோல். துண்டு துண்டான கால் தோல்களை, மயிர் ஒரே திசையில் படியும்படி சேர்த்துத் தைத்து, ஈரமாக இருக்கும்போதே பலகைக்கு அடியில் போர்த்தி, விளிம்புகளை மேலே மடித்து இறுக்குகிறார்கள். தோல் காயும்போது சுருங்கும். சுருங்கும்போது மரத்தைக் கவ்விக்கொள்ளும். அதன்பின் பலகையும் தோலும் ஒன்றுதான். தோல் தேயும்வரை பிரிவதில்லை.

ஆல்ப்ஸ் பலகையில் இதற்கு நேர் எதிர். அங்கே தோல் பலகையோடு பிறக்கவில்லை. பலகையின் அகலத்துக்கு வெட்டிய நீண்ட பட்டை அது. ஒரு பக்கம் உரோமம், மறுபக்கம் திரும்பத் திரும்ப ஒட்டிப் பிரிக்கக்கூடிய பசை. ஏறும்போது ஒட்டுகிறார்கள், உச்சியில் உரித்துவிடுகிறார்கள். தேர்ந்த பந்தய வீரர் உச்சியைத் தொட்டதும் பலகையைக் காலிலிருந்து கழற்றுவதுகூட இல்லை. குனிந்து முனையைப் பற்றி ஓர் இழுப்பு. பட்டை மொத்தமும் கையோடு வந்துவிடும். அதை மடக்கி மார்புப் பக்கம் உடைக்குள் திணித்துக்கொண்டு, குதிகாலைப் பூட்டி, பாய்ந்துவிடுகிறார். ஒலிம்பிக்கின் குறுந்தூரப் பந்தயம் ஏறக்குறைய மூன்று நிமிடங்களில் முடிந்துவிடுவது. அதில் தோலை உரிக்கும் சில நொடிகளே பதக்கத்தைத் தீர்மானித்துவிடலாம்.

இரு கருவிகளுக்கும் இடையிலான ஆழமான வேறுபாடு இந்த இடத்தில்தான் இருக்கிறது. மரமா கார்பனா என்பது இதற்கு அடுத்தது. அல்தாய்ப் பலகை ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் ஒரே அடிப்பாகத்தை வைத்திருக்கிறது. இறங்கும்போதும் உரோமம் உரசுவதால் வேகம் கொஞ்சம் மட்டுப்படும். ஆல்ப்ஸ் பலகை ஏற்றத்துக்கு ஓர் அடிப்பாகம், இறக்கத்துக்கு வேறோர் அடிப்பாகம் என்று இரண்டாகப் பிரிந்துகொள்கிறது. முன்னது சமரசம், பின்னது பிரிவினை. வேடருக்கு அந்தச் சமரசம் நட்டமில்லை. காட்டுக்குள் மரங்களுக்கு ஊடே, ஆழமான தூள்பனியில் இறங்குபவருக்கு வேகம் மட்டுப்படுவது நல்லதுதான். வீரருக்கோ வேகம்தான் எல்லாம். உரசும் ஒரு மயிரும் அவருக்குப் பகை.

பகைவன் யார் என்பதில் மட்டும் இருவருக்கும் ஒற்றுமை உண்டு. ஈரம் இருவருக்கும் ஆகாது. வெயிலில் இளகிய பனி உரோமத்தில் ஒட்டிக்கொண்டு, நிழலுக்குள் நுழைந்ததும் கட்டியாக உறையும். ஒவ்வோர் அடிக்கும் காலோடு பனிமூட்டை ஒன்றைத் தூக்க வேண்டிவரும். குதிரைத்தோலும் இதற்குத் தப்பாது, ஆட்டு உரோமமும் தப்பாது. ஆல்ப்ஸ்காரர் உரோமத்தில் மெழுகு தடவிச் சமாளிக்கிறார். பசை குளிரில் விறைத்து ஒட்டாமல் போகும் என்பதால், தோலை உடம்புச் சூடு படும்படி சட்டைக்குள் வைத்துக்கொள்கிறார். நாள் முடிந்ததும் இருவருக்கும் வேலை ஒன்றே: தோலை அடுப்பிலிருந்து சற்றுத் தள்ளி, பக்குவமாகக் காயவைப்பது.

ஒரு கோலும் இரண்டு கோலும்

அல்தாய்க்காரர் கையில் ஒரே கோல்தான், ஆளைவிட உயரமானது. ஏறும்போது இரு கைகளாலும் பற்றி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஊன்றுகிறார். இறங்கும்போது உடம்பைப் பின்னால் சாய்த்து, கோலைப் பனியில் இழுத்துக்கொண்டே வருகிறார். அதுவே அவருக்குச் சுக்கான், அதுவே தடை, அதுவே மூன்றாவது கால். ஆல்ப்ஸ்காரர் கையில் இரண்டு கோல்கள். எடை குறைந்தவை, கைக்கு ஒன்றாக மாறி மாறி ஊன்ற வேண்டியவை. அவர் இறங்கும்போது உடம்பை முன்னால் சாய்க்கிறார். கோலுக்கு அங்கே பெரிய வேலையில்லை, எஃகு விளிம்பு பார்த்துக்கொள்கிறது.

ஒற்றைக் கோல் பழங்குடி வழக்கம், இரட்டைக் கோல் ஐரோப்பிய நாகரிகம் என்று இதற்குள் முடிவு கட்டிவிட வேண்டாம். ஆல்ப்ஸ் சறுக்குமுறையின் தந்தையரில் ஒருவரான ஆஸ்திரியர் மத்தியாஸ் ஸ்டார்ஸ்கி, 1890களில் லிலியன்ஃபெல்ட் மலையில் கற்றுக்கொடுத்தது ஒற்றைக் கோல் முறையைத்தான். 1905 மார்ச்சில் அவர் அங்கே நடத்திய வளைவுக் கம்பப் பந்தயமே இன்றைய ஸ்லாலோமின் முன்னோடி. ஒற்றைக் கோலா இரட்டைக் கோலா என்பதில் அவருக்கும் இராணுவ அதிகாரி கேயார்க் பில்கேரிக்கும் நடந்த சண்டை அக்கால ஆஸ்திரியாவில் பிரசித்தம். பில்கேரி தரப்பு வென்றது. இன்னும் பின்னே போனால், ஸ்வீடனின் கால்வ்ட்ரெஸ்க்கில் 1924-இல் சதுப்பு நிலத்தில் கிடைத்த, சுமார் 5,200 ஆண்டுப் பழமையான பலகைகளுடன் இருந்ததும் ஒரே ஒரு கோல்தான். அதன் முனை மண்வெட்டி போல அகன்றிருந்தது. ஆக, அல்தாய்க்காரர் இன்றும் கையில் வைத்திருப்பது ஐரோப்பாவும் ஒரு காலத்தில் வைத்திருந்ததை.

இரண்டுக்கும் பாட்டனார் வேட்டையாடியவர்

நோக்கத்தில் இரண்டும் எதிரெதிர் துருவங்கள் என்று தோன்றும். துவா வேடர் எல்க் மானைத் துரத்தப் பலகை கட்டினார். ஆழ்பனியில் மானின் கால்கள் புதைகின்றன. பலகை கட்டியவரின் கால்கள் புதைவதில்லை. கோடையில் மானை நெருங்க முடியாதவர், குளிர்காலத்தில் அதைக் களைக்கும்வரை துரத்திக் கயிற்றுச் சுருக்கு வீசிப் பிடித்துவிடலாம். பனி என்ற தடையை ஒரு தரப்புக்கு மட்டும் தடையாக்கிய கருவி அது. பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீக வரலாற்றாசிரியர் ரஷீத் அல்-தீன், காட்டுவாசிகளான உரியாங்காய் மக்கள் பலகை கட்டிப் பனியில் விலங்குகளைத் துரத்திப் பிடிப்பதை எழுதிவைத்தார். அதற்கும் முந்திய சீனத்துத் தாங் அரசமரபின் வரலாறு, பனியில் பலகை மீது ஓடும் வடக்கத்திய மக்களை ‘மரக்குதிரைத் துருக்கியர்’ என்று குறிக்கிறது.

ஆல்ப்ஸ் வீரர் துரத்துவது நேரத்தை. அவர் முன்னால் மான் இல்லை, கடிகாரம் இருக்கிறது. எனினும் அவருடைய விளையாட்டின் குடும்ப வரலாற்றைப் புரட்டினால் அங்கேயும் ஆயுதம் தட்டுப்படும். 1924-இல் பிரான்சின் ஷமோனியில் நடந்த முதல் குளிர்கால ஒலிம்பிக்கில் ‘இராணுவ ரோந்து’ என்றொரு போட்டி இருந்தது. துப்பாக்கி சுமந்த வீரர்கள் அணியாகப் பலகை கட்டி மலை ஏறி இறங்கி, இடையில் குறிபார்த்துச் சுட்டார்கள். அதன் ஒரு கிளை இன்றைய பயத்லான் ஆனது. ஏறி இறங்கும் மறு கிளைதான் மலையேற்றச் சறுக்கில் வந்து சேர்கிறது. இவ்விளையாட்டின் புகழ்பெற்ற பந்தயமான ‘பத்ரூய் தே கிளாசியே’, செர்மாட்டிலிருந்து வெர்பியேவுக்கு, 1943-இல் ஸ்விஸ் இராணுவம் தன் வீரர்களைச் சோதிக்கத் தொடங்கியது. 1949-இல் ஓர் அணி பனிப்பிளவில் விழுந்து மாண்டதால் தடைசெய்யப்பட்டு, 1984-இல் மீண்டும் தொடங்கியது. வேடருக்குக் கயிறும் துப்பாக்கியும், வீரரின் முன்னோருக்குத் துப்பாக்கி. விளையாட்டு என்ற பெயர் வருவதற்கு முன் இரண்டு வழிகளும் பிழைப்பதற்கான, காப்பதற்கான வழிகளாகவே இருந்தன.

எதிர்த்திசையில் இரு பயணங்கள்

இனிமேல்தான் இந்த ஒப்பீட்டின் வியப்பு. இரண்டு கருவிகளும் கடந்த நூறாண்டில் எதிரெதிர்த் திசையில் பயணம் செய்து ஒன்றையொன்று கடந்திருக்கின்றன.

ஐரோப்பாவும் அமெரிக்காவும் முதலில் ஏற்றத்தைத் தொலைத்தன. 1908-இல் ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியில் ஷோல்லாக் என்ற ஊரில் ராபர்ட் வின்டர்ஹால்டர் நிறுவிய இழுவைக் கயிறு சறுக்குபவர்களை மேலே இழுத்தது. 1936-இல் அமெரிக்காவின் சன் வேலியில் முதல் நாற்காலி லிஃப்ட் வந்தது. கப்பலில் வாழைத்தார் ஏற்றும் கொக்கி வரிசையைப் பார்த்துப் பொறியாளர் ஜேம்ஸ் கர்ரன் அதை வடிவமைத்தார். அதன்பின் சறுக்கு என்றாலே இறக்கம் என்றாயிற்று. குதிகால் நிரந்தரமாகப் பூட்டப்பட்டது, காலணி இறுகியது, பலகை கனத்தது. மலையேறிச் சறுக்கியவர்கள் சிறு கூட்டமாக ஒதுங்கினார்கள்.

அந்தச் சிறு கூட்டம்தான் ஏற்றத்தை மீட்டது. ஆஸ்திரியாவின் ஃபிரிட்ஸ் பார்தெல் 1980களில் உருவாக்கிய பைண்டிங், அதாவது காலணியைப் பலகையோடு இணைக்கும் பூட்டு, காலணியின் முன்பக்கத்தை இரு சிறு முள்களால் மட்டும் பற்றி, ஏறும்போது குதிகாலை விடுவித்து, இறங்கும்போது பூட்டியது. எடை வெகுவாகக் குறைந்தது. இன்று பந்தயப் பலகை ஒன்று ஒரு கிலோகூட இல்லை. லிஃப்ட் ஓடும் மலையிலேயே, லிஃப்டில் ஏறாமல், அதன் கீழேயே தோல் ஒட்டி ஏறிப்போகிறவர்கள் பெருகிவிட்டார்கள்.

அல்தாயில் பயணம் மறுபக்கமாக நடந்தது. சீனாவின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1989-இல் நடைமுறைக்கு வந்தது. 1996-இல் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. எல்க் வேட்டை ஒழிந்தது. காரணம் போனாலும் கருவி போகவில்லை. குதிரைத்தோல் பலகைகள் அல்தாய் நகரத்திலும் ஊர்களிலும் பந்தய மைதானத்துக்கு வந்தன. மார்பில் எண் ஒட்டிய முன்னாள் வேடர்கள், பாட்டனார் மான் துரத்திய அதே பலகையில் வெற்றிக்கோட்டைத் துரத்துகிறார்கள். ஹெமு ஊருக்கு அருகிலேயே ஜிகெபுலின் சறுக்கு மையம் எழுந்திருக்கிறது. நகரத்திலிருந்து வருபவர்களைக் கயிற்றூர்தி மேலே தூக்கிப்போகிறது. விளையாட்டாக இருந்தது உழைப்பைத் தேடிப் போயிற்று. உழைப்பாக இருந்தது விளையாட்டாகிவிட்டது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் இரு காலடியிலும் உரோமம்.

யார் மூத்தவர்

இந்த உறவு தெரிந்ததும் மூப்புச் சண்டை தொடங்கிவிடும். தொடங்கியும்விட்டது. அல்தாய்ப் பகுதியின் துண்டெபுலாக் குகையில் பலகைபோன்ற ஒன்றின் மேல் நிற்கும் மனித உருவங்களைச் சீன ஆய்வாளர்கள் பத்தாயிரம் ஆண்டுக்கு மேற்பட்டவை என்கிறார்கள். 2006-இல் அல்தாய், பனிச்சறுக்கின் பிறப்பிடமாக அறிவிக்கப்பட்டது. பாறை ஓவியத்தின் காலத்தை உறுதிசெய்வது கடினம் என்பதால் வெளியே எல்லாரும் இதை ஏற்கவில்லை. நார்வேக்காரர்கள் தங்கள் ரோடோய் தீவின் பாறைச் செதுக்கலைக் காட்டுகிறார்கள்; 1994 லில்லஹாமர் ஒலிம்பிக்கின் சின்ன உருவங்கள் அதைப் பார்த்து வரையப்பட்டவை. வடக்கு ரஷ்யாவின் விஸ் சதுப்பில் கிடைத்த பலகைத் துண்டு சுமார் 8,000 ஆண்டுப் பழையது. அதன் அடிப்பாகத்தில் ஓர் எல்க் மானின் தலை செதுக்கப்பட்டிருக்கிறது. அது அலங்காரம் மட்டும் இல்லை, பின்னே நழுவாமல் பனியில் ஊன்றும் தடையும் என்று கருதப்படுகிறது. உரோமம் செய்யும் அதே வேலையை அங்கே மான் தலை செய்திருக்கிறது.

மூப்பைவிட இந்த மான்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது; பிடிப்புக்கு வழிகள் பல என்பதை அது காட்டுகிறது. ஸ்காண்டிநேவியாவில் ஒரு காலத்தில் ஒரு பலகை நீளமாகவும், மற்றது குட்டையாகத் தோல் போர்த்தியும் இருந்தது. நீண்டதில் வழுக்கி, குட்டையில் உதைத்துப் போனார்கள். ஒரு பக்கம் பிடிப்பு, மறுபக்கம் வழுக்கல் என்று இரு காலுக்கும் வேலையைப் பிரித்துக் கொடுத்தார்கள். அல்தாய்க்காரர் ஒரே பலகையில் சமரசம் செய்தார், ஸ்காண்டிநேவியர் இரு கால்களுக்கிடையே பிரித்தார், ஆல்ப்ஸ்காரர் ஏறும் நேரத்துக்கும் இறங்கும் நேரத்துக்கும் இடையே பிரித்தார். ஒரே கணக்குக்கு மூன்று வழி. யார் யாரிடம் கற்றார் என்ற கேள்விக்கு இதற்குள் விடை இல்லை. விடை இல்லாமலே உறவு விளங்கிவிடுகிறது.

பனியைப் படிப்பது

பனிச்சரிவு இருவரையும் கொல்லும். ஆல்ப்ஸ்காரர் மார்பில் சமிக்ஞைக் கருவி கட்டுகிறார். எந்த நிறுவனம் செய்தாலும் 457 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையில் இயங்குவதால், புதைந்தவரை மற்றவர் தேட முடியும். முதுகில் மடக்கு மண்வெட்டியும் குத்திப் பார்க்கும் நீண்ட கம்பியும் இருக்கும். காலையில் அபாய அறிக்கை படித்துவிட்டுப் புறப்படுகிறார். அல்தாய் வேடருக்குக் கருவி கிடையாது, அறிக்கை கிடையாது. எந்தச் சரிவில் எந்தக் காற்றுக்குப் பிறகு போகக் கூடாது என்பது அவருக்கு அப்பாவோடு போய்த் தெரிந்தது. கருவி புதைந்த பிறகு உதவும். பழக்கம் புதையாமல் காக்கும். ஆனால் பழக்கம் ஒரே பள்ளத்தாக்குக்குள்தான் செல்லும். வேற்று மலைக்குப் போகிறவருக்கு அறிக்கையும் கருவியும்தான் துணை. இருவரும் ஒருவரிடமிருந்து ஒருவர் எடுத்துக்கொள்ள இங்கே நிறைய இருக்கிறது.

பொருளாதாரத்திலும் இதே எதிரெதிர் நிலை. அல்தாய்ப் பலகையைச் செய்பவரும் பயன்படுத்துபவரும் பெரும்பாலும் ஒரே ஆள், அல்லது பக்கத்து வீட்டுக்காரர். பழுதானால் காட்டிலேயே சரிசெய்யலாம். ஆல்ப்ஸ் பலகை தொழிற்சாலையில் பிறக்கிறது. முள் உடைந்தால் புதிய பைண்டிங்தான் வாங்க வேண்டும். விலைக்கு ஈடாக அது தருவது துல்லியம்: கடினப் பனியிலும் பிடிக்கும் எஃகு விளிம்பு, கால் முறியாமல் விலகும் பூட்டு. குதிரைத்தோல் பலகை உறைந்த கடினப் பனியில் தடுமாறும். தூள்பனி இறுகாத அல்தாய்க் காட்டுக்கு அது அளந்து தைத்த சட்டை. வேறெங்கும் அவ்வளவு பொருந்தாது.

நிறைகோலைக் கடைசியில் எப்படி வைப்பது? இறக்கத்தில் புதியது வெல்கிறது, ஐயமில்லை. ஆழ்பனியில் நாள் முழுதும் ஏறி இறங்க, கையால் செய்து கையாலேயே பழுதுபார்க்கக்கூடிய ஒரே கருவி வேண்டுமென்றால் பழையது இன்னும் தோற்கவில்லை. ஆனால் ஒரு வேறுபாடு உடனடிக் கவலைக்குரியது. ஆல்ப்ஸ் பலகைக்குத் தொழிற்சாலை இருக்கிறது, கூட்டமைப்பு இருக்கிறது, இப்போது ஒலிம்பிக்கும் இருக்கிறது. அது தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும். குதிரைத்தோல் பலகைக்கு இருப்பது அதைச் செய்யத் தெரிந்த சில முதியவர்கள் மட்டுமே. ஆண்டுக்கொரு பந்தயம் ஓட்டத் தெரிந்தவர்களை வளர்க்கும். செதுக்கவும் தோல் இழுக்கவும் தெரிந்தவர்களை வளர்க்காது. அல்தாய் தன்னைப் பனிச்சறுக்கின் பிறப்பிடம் என்று அழைத்துக்கொள்ளட்டும். அதோடு, ஊரிலுள்ள பிள்ளைகளுக்கு வாய்ச்சி பிடிக்கவும் சொல்லிக்கொடுக்கட்டும். மூப்பை நிரூபிப்பதைவிட அது அவசரமான வேலை.